சந்தனச் சோப்பு மணத்த சட்டை

கழுவப் போடும் சட்டையை முதலில் மூக்கருகே கொண்டுபோகிற பழக்கம் றோஸிக்கு எப்போது வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. வாளியில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருக்கும். புருஷன் கிளறன்ஸின் சட்டையை எடுப்பாள். காலர், கைமடிப்பு, கக்கம் என்று ஒரு சுற்று முகர்ந்து பார்ப்பாள். பிறகுதான் தண்ணீரில் அமுக்குவாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. மகள் ரொஷேல் இதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள்.

"மம்மி பொலிஸ்ல சேர்ந்திருக்கலாம். அவங்களுக்கு ஒரு நாய் மிச்சம்," என்பாள்.

"ஊத்தை எங்க கூட எண்டு பாத்துத்தானே தேய்க்கோணும்," என்று றோஸி சொல்லுவாள்.

ஊத்தை பார்ப்பதற்குக் கண் போதும் என்பது ரொஷேலுக்கும் தெரியும். ஆனாலும் விட்டுவிடுவாள்.

கிளறன்ஸ் ரயில் ட்ரைவர். கரையோரப் பாதையில் பவர் செட், அதாவது எஞ்சினும் பெட்டிகளும் ஒன்றாகவே கோத்த டீசல் ரயில், ஓட்டுபவர். பழைய பவர் செட்டில் ட்ரைவர் அறைக்குப் பின்னாலேயே எஞ்சின் இருக்கிறது. நடுவில் ஒரு தகரச் சுவர்தான். நாள் முழுக்க டீசல் புகையும் சூடான எண்ணெயும் அந்தச் சுவரைத் தாண்டி வந்து அவர் மேல் படியும். எத்தனை தரம் கழுவினாலும் காலரில் அந்த மணம் கொஞ்சம் மிஞ்சியே இருக்கும். றோஸிக்கு அது பெரிய ஆறுதல். ரயிலில் போனவர் ரயிலிலேயே இருந்துவிட்டு வந்திருக்கிறார் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இப்படிச் சாட்சி தேடுகிறவளாக அவள் ஆனதற்குக் காரணம் கொட்டாஞ்சேனையில் இருக்கிறது.

அவள் பிறந்தது அங்கே, ஹார்பருக்குப் போகும் ஒரு ஒழுங்கையில். அப்பா பஸ்தியன் ஹார்பரில் கப்பல் சாமான் தூக்கும் விஞ்ச் ஓட்டினார். ஓவர்டைம் என்று வாரத்தில் பாதி வீட்டுக்கு வரமாட்டார். வரும்போது நன்றாக அயன் பண்ணிய சட்டையோடு வருவார். அந்தச் சட்டையை யார் அயன் பண்ணினார்கள் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. அப்பா செத்த அன்று, கொலன்னாவையிலிருந்து ஒரு பெண் இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மரணவீட்டுக்கு வந்தாள். பிள்ளைகள் இரண்டுக்கும் அப்பாவின் நெற்றி. அம்மா அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆராவது அவக்கு ஒரு கதிரை குடுங்கோ," என்றாள்.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஒழுங்கையில் பாதிப் பேருக்கு வருடக்கணக்காகத் தெரிந்த விஷயம்தானாம். சொல்லி என்ன செய்வது என்று விட்டுவிட்டார்களாம். றோஸி அந்த வருடத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தையல் பழகப் போனாள். படிப்பு நின்றது அவளுக்குப் பெரிய கவலையாக இருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பிறகு தனக்குத் தெரியவரும் ஒரு நாள் தன் வாழ்க்கையில் வந்துவிடக்கூடாது. அவளுடைய கவலை அது ஒன்றுதான்.

கிளறன்ஸைக் கட்டும்போது அவர் ரயிலில் உதவி ட்ரைவர். அதிகம் பேசாத, நெடிய மனிதர். கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார்கள். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் லேன். லேன் முடிகிற இடத்தில் தண்டவாளம், அதற்கு அப்பால் கருங்கல், பிறகு கடல். றோஸி ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு சாறிக் கடைகளுக்கு ப்ளவுஸ் தைத்தாள், ஃபோல்ஸ் அடித்தாள். ஜன்னலில் இருந்தால் லேனில் போகிற வருகிற எல்லோரும் தெரிவார்கள். அவளை யாரும் கவனிக்கமாட்டார்கள். அந்த இடம் அவளுக்குப் பொருத்தமாக இருந்தது.

கிளறன்ஸ் ட்ரைவரானதும் ஒரு வழக்கம் தொடங்கியது. லேனைத் தாண்டும்போது ஹோர்னை இரண்டு தரம் சின்னதாகவும் ஒரு தரம் நீட்டியும் அடிப்பார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஷபீகாதான் லேனுக்கே கேட்கும்படி சொல்லுவாள்: "றோஸீ, ஒங்கட மாத்தயா சலாம் செல்லிட்டுப் போற!" மாத்தயா என்பது சிங்களத்தில் ஐயா. றோஸி தலையைக் குனிந்துகொண்டு மெஷினை மிதிப்பாள்.

பிறகு புதுச் செட்கள் வருகிற கதை வந்தது.

பழையவை கிழடாகிவிட்டிருந்தன. புகை கக்கின. மழைக்கு ஒழுகின. மொறட்டுவைக்கு அப்பால் எங்காவது நின்றுபோய், சனங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் நடந்து வீடு வந்தார்கள். ஆகவே புதியவை கப்பலில் வந்து ஹார்பரில் இறங்கியபோது லேனில் எல்லோருக்கும் சந்தோஷம். கிளறன்ஸுக்கும்தான். ஒருநாளும் இல்லாதபடி சாப்பாட்டு மேசையில் வாய் திறந்து பேசினார்.

"புதுசில ட்ரைவருக்கு ஏசி, றோஸ். கண்ணாடியைப் பூட்டினா எஞ்சின் சத்தமே இல்லையாம். வெள்ளைச் சட்டையோட போய் வெள்ளைச் சட்டையோடயே வரலாம்."

றோஸிக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. இத்தனை வருடம் ஒரே மணத்தோடு வந்த மனுஷன் இனி என்ன மணத்தோடு வருவார்?

ட்ரெயினிங்குக்கு முன்னால் மெடிக்கல் என்றார். போய்விட்டு வந்தார். அன்று மேசையில் பேச்சு இல்லை.

"மெடிக்கல் என்னாச்சு?"

"எல்லாம் ஹரி," என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எல்லாம் சரியாகப் போனவர் ஏன் தட்டைப் பார்க்க வேண்டும்?

சில கிழமைகளில் புதுச் செட் லேனைத் தாண்டிப் போகத் தொடங்கியது. நீலமும் வெள்ளையுமாக, வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி. றோஸி மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். ஹோர்ன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கேட்டதற்கு, "இதில எல்லாம் கொம்பியூட்டர். சும்மா ஹோர்ன் அடிச்சா ஏன் அடிச்சனீ எண்டு கேப்பாங்கள்," என்றார். நியாயமான பதில்தான். அவள் வாயால் "ஓ" என்றாள்.

அன்று அவருடைய சட்டையை முகர்ந்தபோது டீசல் இல்லை. சந்தனச் சோப்பு மணத்தது.

அவர்கள் வீட்டில் பாவிப்பது வேப்பெண்ணெய்ச் சோப்பு. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அதுதான். "புது ட்ரைவர் றூமில ஷவர் இருக்கு," என்றார் கிளறன்ஸ். ஷவர் இருக்கலாம். ஆனால் ஏசிக்குள் இருந்து ரயில் ஓட்டுகிறவர் வீட்டுக்கு வருமுன் எதற்காகக் குளிக்க வேண்டும்? அழுக்குப்படாத ஆள் எந்த அழுக்கைக் கழுவிவிட்டு வருகிறார்?

அதற்குப் பிறகு அவள் தேடாமலே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது.

போன் வந்தால் வீட்டுக்குள் பேசமாட்டார். கேற்றைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார். குசினியில் இருந்து ஏதாவது கேட்டால் பதில் வராது. எட்டிப் பார்த்தால், எங்கோ யோசனையில் இருக்கிற மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். டீவியை வீடு அதிரும்படி வைப்பார். குறைத்துவிட்டால் கோபம் வரும். தான் பக்கத்தில் இருந்து ஏதும் கேள்வி கேட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சத்தம் என்று றோஸி நினைத்தாள். மாதா கோயிலில் வழக்கமாகப் பின் வாங்குப் பலகையில், தூணுக்குப் பக்கத்தில் இருக்கிற மனுஷன், இப்போது பூசைக்குப் போனால் நேரே முன் வாங்கில் போய், சுவாமியார் முகத்தைப் பார்த்தபடி இருக்கிறார். ரொஷேல், "டடாக்குப் பக்தி கூடிட்டு," என்று சிரித்தாள். றோஸிக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா பஸ்தியனும் கடைசிக் காலத்தில் முன் வாங்கில்தான் இருந்தார்.

வாய் திறந்து கேட்கிற ஆள் அல்ல றோஸி. கேட்டால் பொய்தான் வரும். பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவேண்டி வரும். அதைவிடப் பார்த்துக்கொண்டு இருப்பது மேல் என்று இருந்தாள்.

அப்படி இருந்தவளிடம் ஒரு பின்னேரம் ஷபீகா வந்தாள். வழக்கமாக வாசலில் இருந்தே சத்தம் வைப்பவள், அன்று உள்ளே வந்து கதவையும் சாத்தினாள்.

"றோஸி, நான் ஒண்டு செல்றேன். கோவிக்கப்படாது."

"சொல்லுங்க."

"நேத்து எங்கட தங்கச்சி ருஷ்தாட ஊட்டுக்குப் போன. களனில, கோச்சிப் பாதைக்குப் பக்கத்திலதானே ஊடு. அஸர் தொழுதிட்டு டீ குடிச்சிக்கிட்டு ஈக்கக்கொள புதுக் கோச்சி வந்த. வந்து ஹோர்ன் அடிச்ச. ரெண்டு சின்னது, ஒண்டு நீட்டி." ஷபீகா விரலால் மேசையில் தட்டிக் காட்டினாள். "அல்லாட காவல், டீ எனக்குப் பொறைக்கேறிட்டு. இந்த லேன்ல நான் எத்தன வருஷமாக் கேட்ட ஹோர்ன்! எனக்குத் தவறுமா?"

றோஸியின் கால் மெஷினில் அப்படியே நின்றது.

"எங்கட ஆள் இப்ப ஹோர்னே அடிக்கிறேல்ல," என்றாள்.

"அதத்தான் செல்றேன். இங்க அடிக்கிறல்ல."

"ஒருநாள் தற்செயலா இருக்கும்."

"ருஷ்தாட்டக் கேட்டேன். ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு அடிக்கிறாம். அவ நெனச்சிக்கிட்டு ஈக்கிற, புதுக் கோச்சிக்கு ஹோர்னே அப்பிடித்தானாக்கும் எண்டு."

அன்று றோஸி தைத்த ப்ளவுஸின் இரண்டு கையும் ஒரே பக்கத்துக் கையாக வந்தது. பிரித்துத் தைக்கவும் மனம் வரவில்லை. களனியில் யார்? எந்த வீட்டு ஜன்னலுக்குக் கேட்பதற்காக அந்த ஹோர்ன்? கொலன்னாவைப் பெண்ணின் முகம் அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. அழுத முகம்கூட இல்லை, களைத்த முகம். அப்படி ஒருத்தி பிள்ளைகளோடு தன் வாசலுக்கு வந்து நிற்குமுன், தானே போய் அவள் வாசலில் நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு நடப்பது நடக்கட்டும்.

"ஷபீகா, நாளைக்கு ருஷ்தாவுக்கு ப்ளவுஸ் அளவெடுக்கப் போவமா?" என்று மதில் மேலாகக் கேட்டாள்.

ஷபீகாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "போவம். அந்தக் கோச்சிலயே போவம்," என்றாள்.

மறுநாள் பின்னேரம் வெள்ளவத்தை ஸ்டேஷனில் இருவரும் தூணுக்குப் பின்னால் நின்றார்கள். ஷபீகா தன் கைப்பையில் இருந்து ஒரு ஷோலை எடுத்து நீட்டினாள்.

"தலையில போடுங்க. ஆரோ முஸ்லிம் பொம்பிள எண்டு நெனச்சி ஒங்கட மாத்தயா திரும்பியும் பாக்கமாட்டார்."

"வேற பொம்பிளை எண்டா இப்பதான் கூடப் பார்ப்பார்," என்றாள் றோஸி.

புதுச் செட் வந்தது. முன் கண்ணாடியில் கடல் வெயில் பட்டுத் தெறித்ததில் உள்ளே ட்ரைவரின் முகம் தெரியவில்லை. முதல் பெட்டியில் ஏறினார்கள். கதவுகள் தாமாகவே மூடிக்கொண்டன.

"அனே, பூட்டிட்டானே. தொறக்காட்டி?" என்றாள் ஷபீகா. எதிரில் இருந்த சிங்களப் பையன் சிரித்தான்.

இருக்கைகள் கெட்டியாக, வழுவழுப்பாக இருந்தன. சத்தமே இல்லை. பழைய செட்டில் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதற்கே கத்தவேண்டும். இங்கே பின்னால் யாரோ பேப்பர் மடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. இவ்வளவு அமைதியான ரயிலை றோஸி நம்பவில்லை. ட்ரைவர் அறையின் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், தன் புருஷன் வேறு யாருக்கோ ஹோர்ன் அடிப்பதற்காக ரயிலைக் கொண்டுபோகிறார்.

கோட்டையில் சனம் ஏறி இறங்கியது. மருதானை தாண்டியது. தெமட்டகொடையில் ரயில் யார்ட்டுக்குப் பக்கமாகப் போகும்போது, கழற்றி விடப்பட்ட பழைய பவர் செட்கள் வரிசையாகத் துருப்பிடித்து நிற்பது தெரிந்தது. பெட்டிகளுக்கு இடையில் புல் வளர்ந்திருந்தது. றோஸி அதைப் பார்த்தும் பார்க்காமலும் இருந்தாள்.

களனிப் பாலத்தில் ரயில் ஏறியது. கீழே ஆறு. பாலம் முடிந்தது.

இரண்டு சின்னது. ஒன்று நீட்டி.

ஷபீகா அவள் கையைப் பிடித்தாள். களனியில் கதவு திறந்ததும் றோஸி ஷோலை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்பக்கம் ஓடினாள். ட்ரைவரின் பக்கக் கண்ணாடி இறங்கியிருந்தது. ஒரு முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மெலிந்த, மயிரில்லாத, முப்பது வயது முழங்கை.

"அன்ரி! என்ன இஞ்சால?" என்றது அந்த முகம்.

அனுஜன். பழைய செட்டில் கிளறன்ஸுக்கு உதவியாக இருந்தவன். போன வருடம் அவன் கல்யாணத்துக்கு வத்தளைக்குப் போய் வந்தவர்கள் அவர்கள். ஷபீகாதான் பின்னால் இருந்து கேட்டாள்:

"தம்பி, இந்த ஹோர்ன் யாருக்கு அடிக்கிற?"

அனுஜனின் முகம் சிவந்தது. "வைஃப்புக்கு, மேனுகாவுக்கு. இஞ்சதானே நாங்க இப்ப வீடு எடுத்திருக்கிறம். சேர் வீட்டுக்கு அடிக்கிற மாதிரி நானும்... அவவுக்கு வெக்கமாம், அடிக்காதீங்கோ எண்டு ஒவ்வொரு நாளும் சண்டை." பிறகு அவசரமாகச் சேர்த்தான், "உங்கட லேன்ல நான் அடிக்கிறேல்ல அன்ரி. அது சேர்ர இடம்."

"அவர் எங்க?" என்றாள் றோஸி.

"சேரா? யார்ட்லதானே. இப்ப தாண்டித்தானே வந்தம். ஏன், சாப்பாடு குடுக்க வந்தனீங்களா?" அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு ஏதோ உறைத்தது. "அன்ரி, சேர் சொல்லேல்லையா?"

கார்ட் விசில் ஊதினார். ரயில் நகர்ந்தது. கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி அனுஜன் ஏதோ சொல்லிக்கொண்டே போனான்.

திரும்பி வரும் ரயிலில் ஷபீகா ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு அது பெரிய விரதம். றோஸியின் மனம் ஆறவில்லை. ஒரு பொய் உடைந்தால் அதற்குள் இன்னொரு பொய் இருக்கும். ரயில் ஓட்டுவதாகச் சொன்ன மனுஷன் ரயில் ஓட்டவில்லை. அப்படியானால் யார்ட்டில்தான் இருக்கிறார் என்பதற்கு என்ன நிச்சயம்? அனுஜன் அவருடைய ஆள். சொல்லிக் கொடுத்ததைச் சொல்லியிருக்கலாம்.

தெமட்டகொடையில் இறங்கினார்கள். யார்ட் வாசலில் காவல்காரர் மறித்தார். "காவத ஓனே, நோனா?" யாரைத் தேடுகிறாள் என்று கேட்கிறார். றோஸி தன் பள்ளிக்கூடச் சிங்களத்தில் பெயரைச் சொன்னாள். அவர் கையை நீட்டிக் காட்டினார்.

கிளறன்ஸ் இருந்தார். நீல ஓவரோல் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, ஒரு பழைய பவர் செட்டின் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். ஓவரோல் முழுக்க எண்ணெய்க் கறை. பக்கத்தில் படிக்கட்டில் ஒரு துவாயும், மூடியில்லாத டப்பாவில் மஞ்சள் சந்தனச் சோப்புக் கட்டியும்.

"ரொஷேல்ட டடா," என்று கூப்பிட்டாள்.

அவர் திரும்பவில்லை. அங்கே எஞ்சின் ஒன்றும் ஓடவில்லை. காகம் கத்துவது கேட்டது. அவள் கிட்டப் போனாள்.

"கிளறன்ஸ்!"

வாழ்க்கையில் அவரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்போதும் அவர் திரும்பவில்லை. வேண்டுமென்றுதான் நிற்கிறார் என்று அவளுக்குக் கோபம் பொங்கியது. ஷபீகா மெதுவாகச் சொன்னாள்:

"றோஸி, அவருக்குக் கேக்குறல்ல போல ஈக்கி."

றோஸி அப்படியே நின்றாள். குசினியில் இருந்து கேட்ட கேள்விகள். வீடு அதிர்ந்த டீவி. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பதற்காகவே கேற்றுக்கு வெளியே போயிருக்கும் மனிதர். சுவாமியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த முன் வாங்கு. அவள் ஒன்றையும் தவறவிடவில்லை, எல்லாவற்றையும் கண்டிருக்கிறாள். கண்ட அத்தனையையும் கொலன்னாவைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள்.

சுற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள். கிளறன்ஸ் திடுக்கிட்டார். அவளைப் பார்த்தார், பிறகு சோப்புக் கட்டியைப் பார்த்தார், பிறகு தூரத்தில் நின்ற ஷபீகாவைப் பார்த்தார்.

"ஆர் சொன்னது?"

"அனுஜன்."

"ஆ?"

"அனுஜன்!" என்று கத்தினாள்.

அவர் படியில் உட்கார்ந்தார். அவளுக்கும் இடம் விட்டார். அவள் உட்காரவில்லை, உட்கார்ந்தால் அவருக்கு அவள் முகம் தெரியாது.

"மெடிக்கலில காது பாத்தாங்கள்," என்றார். "ஒரு சின்ன அறைக்குள்ள இருத்தி, காதில மாட்டி, சத்தம் கேட்டாக் கையைத் தூக்கச் சொன்னான் டொக்டர். நான் சத்தம் இப்ப வரும், இப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டே இருந்தன். கன நேரம். கடைசியில, இன்னும் தொடங்கேல்லையா டொக்டர் எண்டு கேட்டன். முடிஞ்சுது எண்டான்."

பின்னால் நின்ற செட்டைக் கட்டைவிரலால் காட்டினார். "என்ட காதை இவன் குடிச்சிட்டான். இத்தனை வருஷமும் முதுகுக்குப் பின்னால கத்திக் கத்தி. புதுசு வராட்டி ஒருத்தரும் காது பாத்திருக்கமாட்டாங்கள். நானும் ஓட்டிக்கொண்டே இருந்திருப்பன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

அவர் அவள் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொண்டார். "லேன்ல எல்லாரும் ட்ரைவர் மாத்தயா எண்டுறாங்கள். இஞ்ச நான் செத்த ரயில் தள்ளுறன். என்னெண்டு சொல்ல?"

"சோப்பு?"

"நீ மணந்து பாப்பாய் தானே. ஏசி ரயில் ஓட்டுறவனில டீசல் மணக்கலாமா?"

அவளுடைய மூக்கை அவர் அறிந்திருந்தார். எவ்வளவு காலமாக என்று தெரியவில்லை. ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. றோஸிக்கு முகம் கூசியது. அதோடு, இவ்வளவு யோசித்துப் பொய் சொல்லத் தெரிந்தவரா என்று உள்ளே ஒரு மூலையில் வேறு ஏதோ விழித்துக்கொண்டது.

கிளறன்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இப்போதுதான் ஏதோ பிடிபட்ட மாதிரி இருந்தது. அவள் ஏன் சாப்பாடும் இல்லாமல், ஷபீகாவையும் கூட்டிக்கொண்டு, தோளில் யாருடையதோ ஷோலோடு வந்து நிற்கிறாள் என்று.

"கொலன்னாவை எண்டா நினைச்சனீ?"

"ஓம்," என்றாள் றோஸி.

அது அவருக்குக் கேட்கவில்லை. அவள் தலையை ஆட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

அவர் துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "உன்ட அப்பாவுக்கு நல்ல காது, ரெண்டு வீட்டில கூப்பிட்டதும் கேட்டுது. எனக்கு ஒரு வீடே கேக்குதில்லை," என்றார். அது பகிடியா கோபமா என்று அவளுக்கு விளங்கவில்லை. தூரத்தில் ஷபீகா காவல்காரரிடம் பழைய ரயில் பெட்டிகளை என்ன விலைக்கு விற்பார்கள் என்று சிங்களத்தில் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பின்னேரம் மூவரும் ஒன்றாக வீட்டுக்கு வந்தார்கள். கிளறன்ஸ் குளிக்காமல் வந்தார். ரயிலில் அவர் பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி இருந்தார்கள்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கிளறன்ஸ் இப்போதும் யார்ட்டில்தான் வேலை செய்கிறார். பென்ஷன் வரை அங்கேதான் இருப்பார். பழைய செட்களில் சிலதை வெட்டி இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள், சிலது இன்னும் நிற்கிறது. காதுக்கு ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார்கள். பூசைக்குப் போகும்போது மட்டும் போடுகிறார். வீட்டில் போட்டால் தலையிடிக்கிறதாம். றோஸி முகத்துக்கு முன்னால் நின்று கதைக்கப் பழகிவிட்டாள். லேனில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஆனாலும் ட்ரைவர் மாத்தயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். களனியிலோ கொலன்னாவையிலோ வேறு எங்கேயோ அவருக்கு இன்னொரு வீடு இல்லை. அது றோஸிக்கு நன்றாகத் தெரியும். என்றாலும், வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்பதை மட்டும் அவள் இப்போது யார்ட் காவல்காரரிடம் போன் பண்ணிக் கேட்டுக்கொள்கிறாள்.